எட்டாவது தூணில் உங்கள் வேலி: துறைமுக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைமுக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அலைத்தடுப்புச் சுவரின் குறுக்கே நீங்கள் போட்டு, காலை பத்து மணிவரை கதவைப் பூட்டி வைத்திருக்கும் வேலியைப் பற்றி எழுதுகிறேன். அது எப்போது வந்தது, ஏன் வந்தது, அதை எதிர்த்து யார் யார் மனு கொடுத்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. பழைய கதையை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன திங்கட்கிழமை விடியற்காலை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று என் மனைவி எட்டாவது தூணைத் தொட்டாள்.

தூண் என்று நான் சொல்வது, அலைத்தடுப்புச் சுவரின் உள்பக்கத்தில் படகுகளைக் கட்டுவதற்காக வரிசையாக நட்டிருக்கிற குட்டையான இரும்புத் தூண்களை. மொத்தம் 22. உங்கள் பதிவேட்டில் அவற்றுக்கு வேறு எண் இருக்கலாம். எங்கள் எண்ணிக்கை கரையிலிருந்து தொடங்கும். ஏழு மாதங்களுக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு திரும்பிவிட்டது. கை பாதி திரும்பியது. கால்தான் பிடிவாதம் பிடித்தது. மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, வெயிலுக்கு முன், தினமும் கொஞ்சம் கூட்டிக்கூட்டி நடக்கச் சொன்னார் மருத்துவர். படி ஏறாமல், வண்டிக்கு ஒதுங்காமல், பின்னால் வருபவர் அவசரப்படுத்தாமல் நடக்க எங்கே இடம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எங்களுக்குக் கிடைத்தது உங்கள் சுவர். பக்கத்தில் ஆடாத தண்ணீர், காலடியில் சமமான கான்கிரீட், மூச்சு வாங்கினால் உட்கார ஒரு தூண்.

முதல் வாரம் ஒரே ஒரு தூண். மாதம் முடிவதற்குள் மூன்று. சுவரின் முனையில் இருக்கும் சிவப்பு விளக்கைத் தொட்டுவிட்டுத் திரும்புவது அவளுடைய லட்சியம். ஒருநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அந்த விளக்கின் கணக்கை அவளுக்குச் சொன்னார். உள்ளே வரும் படகுக்கு இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் பச்சை. அன்றிலிருந்து அவள் இடது காலுக்குச் 'சிவப்புக் கால்' என்று பெயர். அது எழும்ப மறுக்கும்போது "சிவப்பு, வா" என்று கூப்பிடுவாள். உலகத்தின் பெரும்பகுதியில் இதுதான் வழக்கம், அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் மட்டும் நிறம் தலைகீழ் என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். "அப்போ அங்கே போய் நடந்தால் இந்தக் கால் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சொன்ன முதல் நகைச்சுவை அது. அதுவும் உங்கள் சுவரின்மேல்தான் நடந்தது. அதற்கு நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் வேலி போட்டபோது அவள் ஐந்தாவது தூணில் இருந்தாள். எங்களுக்கு அது தூரத்துச் செய்தி. மற்றவர்கள் கொண்டுவந்த மனுவில் நான் கையெழுத்துக்கூடப் போடவில்லை. இப்போது வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை எட்டாவது தூணைத் தொட்டு நின்று, "நாளைக்கு ஒன்பது" என்று நிமிர்ந்து பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் உங்கள் வேலி. கதவில் பூட்டு. 'பாதுகாப்புக் காரணங்களுக்காக, காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டும் அனுமதி' என்று பலகை. சாவி காவலரின் இடுப்பில் தொங்கியது. அவர் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்தை எழுதியவர் அவர் இல்லையே.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அந்தக் கதவை விடியும்போது திறந்துவிடுங்கள்.

பத்து மணி என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. அவர் அந்த நேரத்தில் அங்கே நின்று பார்த்திருக்க மாட்டார். விடியலில் படகுகளெல்லாம் கடலில் இருக்கும். சுவரில் கயிறு கிடையாது, தள்ளுவண்டி கிடையாது, கூடை கிடையாது. காற்று நிலத்திலிருந்து மெல்ல கடலுக்குப் போகும், துறைமுகத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். பத்து மணிக்குப் படகுகள் திரும்பிவிடும். இழுத்துக் கட்டிய கயிறுகள் முழங்கால் உயரத்தில் குறுக்கே போகும். அப்புறம் வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும், பிற்பகலில் வலுக்கும், சுவருக்கு வெளியே அலையும் எழும்பும். ஆக, ஆபத்தில்லாத நேரத்தில் பூட்டி, ஆபத்து தொடங்கும் நேரம் பார்த்துத் திறக்கிறீர்கள். பாதுகாப்புக் காரணம் என்றால் இதைவிடச் சிறந்த காரணம் கிடைக்காது!

சுவரில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெளிப்பக்கம் நான்கு கால் பரப்பிக் கிடக்கும் கான்கிரீட் கட்டிகளில் பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எடுப்பது கஷ்டம். 1950-இல் பிரான்சில் அவற்றை வடிவமைத்தவர்கள் அலையின் வேகத்தை உறிஞ்சத்தான் அந்த இடுக்குகளை வைத்தார்கள், படம் எடுக்க ஏறி நிற்பதற்கு அல்ல. அங்கே ஏறாமல் தடுக்க வேலி போடுங்கள், நானே வந்து கம்பி பிடிக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகமாக இருக்கும் நாட்களில் காற்றும் சேர்ந்துகொண்டால் சுவருக்கு மேலேயே தண்ணீர் அடிக்கும். அன்றைக்குக் கதவைப் பூட்டுங்கள், ஒரு கொடி ஏற்றுங்கள், யாரும் முணுமுணுக்க மாட்டோம். ஆனால் ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும். அது உங்கள் அலுவலக நேரத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, சர்வதேசப் பாதுகாப்பு விதிமுறை என்று ஒருவர் சொன்னார். சரி என்று அதையும் தேடிப் படித்தேன். 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற விதிமுறை அது. முக்கியமாக, வெளிநாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பல்கள், மொத்தக் கொள்ளளவு (gross tonnage) 500-க்குக் குறையாத சரக்குக் கப்பல்கள், அவை வந்து நிற்கும் துறைமுகங்கள் ஆகியவற்றுக்கானது. நம் துறைமுகத்தில் நிற்பவை மீன்பிடிப் படகுகள். அவற்றில் மிகப் பெரியது வெளிநாடு போக வேண்டுமென்றால் முதலில் அதன் இயந்திரம் ஒரே தடவையில் கிளம்ப வேண்டும்.

கோபத்தில் ஏதேதோ எழுதுகிறேன். ஆனாலும் இதையும் கேட்டுவிடுகிறேன். நுழைவாயிலில் நீங்கள் வைத்திருக்கும் பெரிய விளம்பரப் படத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கைகோத்து விளக்கை நோக்கிப் போகிறார்கள். 'அமைதியான துறைமுகத்தில் ஆறஅமர ஒரு நடை' என்று எழுதியிருக்கிறது. வெளிச்சத்தைப் பார்த்தால் காலை ஆறு மணி இருக்கும். அவர்களுக்கு யார் கதவைத் திறந்துவிட்டார்கள்? அந்தப் படத்துக்குக் கீழேயே கார்கள் நிறுத்த இடம், இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கிறது. காரில் வருபவருக்குப் பூட்டும் இல்லை, நேரமும் இல்லை. நடப்பவன் மட்டும் எப்போதும் சந்தேகத்துக்குரியவன். அவனிடம் வசூலிக்க எதுவும் இல்லாததுதான் காரணமோ என்னவோ. வேல்ஸில் 2012-இல் நாட்டின் கடற்கரை முழுவதையும் ஒட்டி, சுமார் 1,400 கிலோமீட்டருக்கு நடைபாதையைத் திறந்துவிட்டார்கள். துறைமுக ஊர்கள் வழியாகவும் போகிறது அந்தப் பாதை. நாங்கள் கேட்பது 14 தூண்கள்.

மன்னிக்கவும். மரியாதையாகக் கேட்கவே உட்கார்ந்தேன், மறுபடியும் மரியாதையாகவே கேட்கிறேன். வேலியை எடுக்கச் சொல்லவில்லை. பலகையில் இருக்கும் '10' என்ற எண்ணை மட்டும் மாற்றி, விடியும்போது கதவைத் திறக்க அன்புகூர்ந்து உத்தரவிடுங்கள். கடல் கொந்தளிக்கும் நாட்களில் பூட்டிக்கொள்ளுங்கள். வேறு செலவு இல்லை, சாவி ஏற்கெனவே காவலரிடம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் எட்டாவது தூண்வரை வந்து, திரும்பி, மறுபடி எட்டுவரை வருகிறாள். கணக்குப்படி பதினாறு என்கிறாள். விளக்கு மட்டும் அதே தூரத்தில் இருக்கிறது. நாளைக் காலையும் ஆறு மணிக்கு அங்கேதான் இருப்போம். உங்களில் யாராவது வந்து பார்த்தால் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
எட்டாவது தூண்வரை நடப்பவளின் கணவன்