பெட்டியைக் கவிழ்த்துக் காட்டு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
2025 ஆவணி.

அன்புள்ள பிள்ளைக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். சிறுபோக அறுவடை முடிந்து நெல் முற்றத்தில் காய்கிறது. சோளகம் இன்னும் அடங்கவில்லை. பாய் விரித்தால் நாலு மூலைக்கும் கல் வைக்க வேண்டியிருக்கிறது.

நேற்று முன்தினம் பேசியபோது உன் குரலில் தூக்கமில்லை. வேலை அதிகம் என்றாய். பிறகுதான் தம்பி சொன்னான், விடிய இரண்டு மணி வரை முகம் தெரியாதவர்களோடு காற்றாலை, அணுமின்சாரம், வாக்கு இயந்திரம் என்று வாதாடிக்கொண்டிருந்தாய் என்று. நீ எழுதியவற்றைத் தன் கைபேசியில் காட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் வாசித்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவளுக்கு, மகள் இப்படிக் கணக்கோடு பேசுவது எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். ஆனால் மன்னாரைச் சேர்ந்த ஒருவருக்கு நீ எழுதிய ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "காற்றாடி மழையைக் கலைக்கிறது என்று நம்புகிறவர்களோடு எனக்கு என்ன பேச்சு" என்று எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பக்கத்து வளவு மாமாவும் அதையேதான் நம்புகிறார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்து நடந்த அதே மாமா. பளையில் காற்றாலை வந்த பிறகு மழை குறைந்துவிட்டது என்று வேலியோரம் நின்று சொல்லுவார். காற்றாடியின் சுற்று வட்டம் இத்தனை மீட்டர், மழைமுகில் எழுவது கிலோமீட்டர் கணக்கில் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். முகிலின் உயரத்தை அவர் எப்படி அளந்து பார்ப்பார்? நான் டீச்சர் என்பதற்காக மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டல் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை வேறு மாதிரிக் கேட்டேன். "2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்ததே, உங்கள் மாட்டுக் கொட்டிலுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அப்போது பளையில் காற்றாடி இருந்ததா இல்லையா?" என்றேன். நெடுநேரம் யோசித்தார். அந்த வருடத்துக்கு முன்பே பஸ்ஸில் போகும்போது அவற்றைப் பார்த்திருக்கிறார். "இருந்ததுதான்" என்றார். சற்று நேரத்தில், "அப்படியானால் சில வருடம் மழை ஏன் பிந்துகிறது?" என்று கேட்டார். ஒவ்வொரு வருடமும் ஏன் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் பிந்திய வருடங்கள் காற்றாடி வருவதற்கு முன்னும் இருந்தன என்றேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது விதைப்புக் கொப்பியில் மழை பெய்த நாட்களைக் குறித்து வருகிறார். எனக்கு அது போதும்.

உன்னோடு பேசிய மன்னார்க்காரரை மறுபடி வாசித்துப் பார், பிள்ளை. அவர் இரண்டு விடயம் சொல்லியிருந்தார். ஒன்று, மழை குறைகிறது என்பது. மற்றது, காற்றாலைக்குப் போட்ட வீதிகளால் மாரியில் வெள்ளம் வடியாமல் குடிமனைக்குள் நிற்கிறது என்பது. நீ முதலாவதை மட்டும் பிடித்து அடித்து வென்றுவிட்டு, இரண்டாவதைத் தொடவே இல்லை. மன்னார்த் தீவு தட்டையான நிலம். ஒரு வரம்பு அரை அடி உயர்ந்தால் தண்ணீர் யார் பக்கம் நிற்கும் என்பதை வயல் செய்கிற எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே தம்பபவனிக் காற்றாலையில் 30 காற்றாடிகள், 103.5 மெகாவாட். நல்ல காரியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரியை நம்பியே எத்தனை காலம் இருப்பது என்று நானும் கேட்கிறவள்தான். ஆனால் வீதியின் கீழே மதகு போதுமா, வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பூநாரைகளின் வழியில் காற்றாடி நிற்கிறதா என்று கேட்பதும் விஞ்ஞானம்தான். அந்தக் கேள்வி தெருவில் நின்று போராடுகிறவர்களின் வாயிலிருந்து வந்தது என்பதற்காக அது சிறுத்துப்போகாது.

இன்னொன்றும் திருத்த வேண்டும். மன்னாரிலும் எங்கள் பூநகரியிலும் வரவிருந்த 484 மெகாவாட் அதானி திட்டத்தை ஊர்ச்சனம்தான் விரட்டியது என்று எழுதியிருந்தாய். எதிர்ப்பும் வழக்கும் இருந்தன, உண்மை. ஆனால் புதிய அரசாங்கம் மின்சாரத்தின் விலையை மீளப் பார்க்க வேண்டும் என்றது, 2025 மாசியில் நிறுவனம் தானாகவே விலகியது. மற்றவரின் பிழையைத் தேடும் இரவில் நம்முடைய பிழை கண்ணில் படுவதில்லை.

அந்த மாசி ஒன்பதாம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனதைப் பற்றியும் பெரிய சண்டை போட்டிருக்கிறாய். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்தது என்று அமைச்சர் சொன்னதை ஒரு பக்கம் வைத்துச் சிரிக்கிறார்கள். மறுபக்கம் எல்லாவற்றுக்கும் கூரைச் சூரியத் தகடுகளே காரணம் என்கிறார்கள். நீ ஏழெட்டு ஆங்கில அறிக்கைகளைத் தூக்கிப் போட்டாய். யார் வாசித்தார்கள்?

உனக்கு ஏழு, எட்டு வயது. 1997, 1998 காலம். வன்னிக்குள் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சைப் போட்டுத் திரி ஏற்றிய விளக்கில்தான் படித்தாய். மாலையில் அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார், டைனமோவில் வானொலியை இணைப்பார், செய்தி கேட்க அயலெல்லாம் கூடும். மிதியைக் கையால் சுற்றுவது உன் வேலை. வானொலியை இணைத்ததும் "அம்மா, ஏன் பாரமாகிறது?" என்று கேட்டாய். இலவசமாக எதுவும் வராது, உன் கைதான் அங்கே பேசுகிறது என்று சொன்னேன். கை ஓய்ந்து விட்டாலும் சில்லு சுழல்கிற வேகத்தில் வானொலி இன்னும் இரண்டு சொல் பேசிவிட்டுத்தான் அடங்கும். அந்த இரண்டு சொல்லுக்குள் வேறு பிள்ளை வந்து மிதியைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த மாசி ஒன்பதில் நாட்டுக்கு நடந்தது இதுவே. பெரிய மின்நிலையங்களில் சுழலும் பாரமான சில்லுகள்தான் அந்த இரண்டு சொல் நேரத்தைத் தருகின்றன. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், தொழிற்சாலைகள் மூடியிருந்தன, மின்தேவை குறைவு. தேவையின் பெரும் பங்கைச் சூரிய மின்சாரம் கொடுத்தது, அதில் சுழலும் சில்லு கிடையாது. பாரமான சில்லுகள் சிலவே ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு கோளாறு வந்தது. மற்றவர் மிதியைப் பிடிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. நுரைச்சோலை இயந்திரங்கள் உடனே திரும்பி வரவில்லை, மறுநாளும் முறை வைத்து மின்வெட்டுச் செய்தார்கள். குரங்கும் பொய்யில்லை, சூரியத் தகடு குற்றவாளியும் இல்லை. தாங்கிப்பிடிக்கும் சில்லும் பற்றரியும் போதவில்லை. இதைச் சொல்ல உனக்கு அறிக்கை எதற்கு? கவிழ்த்த சைக்கிள் உன்னிடம் இருக்கிறது. கேட்கிறவரும் வீட்டுக்குப் போய்ச் சுற்றிப் பார்க்கலாம்.

அணுமின்சாரத்தில் உன் கணக்குகள் சரி. நீ இருக்கும் ஒன்டாரியோவில் ஏறத்தாழப் பாதி மின்சாரம் அணுவிலிருந்து வருகிறது, 2014 முதல் அங்கே நிலக்கரி எரிப்பதில்லை, நிலக்கரிப் புகை தின்ற உயிர்கள் மிக அதிகம். எல்லாம் சரி. ஆனால் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின்நிலையத்துக்குப் பக்கத்துக்காரர் ஒருவர் கடல் பற்றிய தன் பயத்தைச் சொன்னபோது, "புள்ளிவிபரத்தைப் படியுங்கள்" என்று முடித்துவிட்டாய். 2004 மார்கழி 26 முல்லைத்தீவில் என்ன நடந்தது என்று உனக்கு நினைவில்லையா? சின்னம்மாவின் குடும்பத்தை எங்கே தேடினோம்? அதே நாள் அந்தக் கரையிலும் கடல் ஏறியது. பிறகு 2011இல் புகுசிமாவையும் பார்த்துவிட்ட கடற்கரை மனிதரிடம், முதலில் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி வாக்கு இயந்திரம். இதில் எனக்கு உன்னோடு நேரடியாகவே மாறுபாடு இருக்கிறது. இந்தியாவைப் பார், நாம் இன்னும் கடதாசியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று எழுதியிருந்தாய். நீ சொன்ன நன்மைகளை நான் மறுக்கவில்லை. 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாக வைத்தார்கள். எந்த வலையமைப்போடும் இணைக்காத இயந்திரம். நிமிடத்துக்கு நாலு வாக்குக்கு மேல் ஏற்காது என்பதால், சாவடிக்குள் புகுந்து கட்டுக்கட்டாகக் குத்தித் தள்ளவும் முடியாது. கடதாசியில் எங்களுக்கு நட்டமும் உண்டு. சென்ற வருட ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர், சீட்டு ஒரு முழத்துக்கும் மேலே நீளம். ஏறத்தாழ மூன்று லட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. இயந்திரம் என்றால் அவர்களில் பிழையாக அடையாளமிட்ட பலரின் குரலும் எண்ணப்பட்டிருக்கும். கடதாசியிலும் களவு நடக்கும், 1999 வடமேல் மாகாண சபைத் தேர்தலை இந்த நாடு மறக்கவில்லை.

ஆனாலும் கேள். நான் சிரேஷ்ட தலைமைதாங்கும் அலுவலராக எத்தனை தேர்தலில் இருந்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்பு முதல் வேலை என்ன தெரியுமா? வாக்குப்பெட்டியைத் திறந்து கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கட்சி முகவர்களுக்குக் காட்டுவது. பிறகு பூட்டி முத்திரை இடுவோம். விரும்பினால் அவர்களும் தங்கள் முத்திரையை வைக்கலாம். ஒரு தேர்தலில் மெலிந்த பொடியன் ஒருவன் சிறிய கட்சிக்கு முகவராக வந்திருந்தான். அவனுடைய கட்சி தோற்கும் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பெட்டிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தான். மற்ற முகவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, பார்க்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஏற்பாடு முழுவதும் அவனுக்காகத்தான் இருக்கிறது. வெல்கிறவனுக்கு எண்ணிக்கை எப்படி நடந்தாலும் சம்மதம். தோற்கிறவன் வீட்டுக்குப் போய், "எண்ணிப் பார்த்தேன், தோற்றோம்" என்று தன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். அவன் சொன்னால்தான் ஊர் அமைதியாக நித்திரை கொள்ளும்.

இயந்திரத்தில் அந்தப் பொடியன் எங்கே கையை விடுவான்? இந்தியாவிலும் இந்தக் கேள்வி வந்தபடியால்தானே, குத்திய சின்னத்தை ஏழு விநாடி கண்ணாடிக்குள் காட்டும் சீட்டை இணைத்தார்கள், 2019 முதல் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து இயந்திரங்களின் சீட்டை எண்ணி ஒப்பிடுகிறார்கள். அதாவது, கடைசியில் கடதாசிக்குத்தான் வந்தார்கள். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் சொன்னதை எனக்கு அனுப்பியதே நீதான். சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் வாக்கெடுப்பின் முக்கிய படிகளைச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. யாரும் மோசடி செய்தார்கள் என்று அது சொல்லவில்லை. நீயும் இந்தச் சித்திரையில் கனடாத் தேர்தலில் கடதாசியில் பென்சிலால்தான் புள்ளடி போட்டாய்.

நீ வாதாடிய அந்தத் தமிழ்நாட்டுக்காரர், இயந்திரத்தில் களவு நடந்தது என்று ஆதாரமில்லாமல் சொன்னது பிழைதான். அதற்கு நீ, "மோசடி நிரூபிக்கப்படவில்லை, வாயை மூடு" என்றாய். அவரை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்து முடிவை வாசித்திருக்கிறாய். நானாக இருந்தால், "நீங்கள் நம்புவதற்கு எதை எண்ணிக் காட்ட வேண்டும்?" என்று கேட்டிருப்பேன். ஒன்றைச் சொன்னால் அதைப் பற்றிப் பேசலாம். எதைக் காட்டினாலும் நம்பமாட்டேன் என்றால், அதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும், வாசிக்கிற மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உன்னை வாதாட வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கவலை. ஆனால் பத்து மணிக்குப் படு. விடிய இரண்டு மணிக்கு எழுதும் எதையும் காலையில் ஒருதரம் வாசித்துவிட்டு அனுப்பு.

ஒடியலும் வேப்பம்பூ வடகமும் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அங்கே வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறேன். சோளகம் அடங்குவதற்குள் ஒருநாள் மாமாவும் நானும் பளைக்குப் போவதாக இருக்கிறோம். காற்றாடியின் அடியில் நின்று பார்க்க வேண்டுமாம் அவருக்கு. மழைக் கொப்பியையும் கொண்டு வருகிறாராம். படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அந்த மன்னார்க்காரருக்கு மறுபடி எழுது. எந்தத் தெருவில், எந்த மாதம், எத்தனை நாள் வெள்ளம் நின்றது, வீதி போடுவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று கேள். அவர் சொல்வதை எனக்கும் சொல்.

அன்புடன்,
அம்மா