உடைஞ்ச கப்பை தூக்கிப் போட்டுடாதீங்க

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்,

வீட்ல நோட்டு பேப்பரெல்லாம் காணாம போகுது, பையன் எந்நேரமும் எதையோ மடிச்சுக்கிட்டே இருக்கான்னு ரெண்டு மூணு பேர் போன் பண்ணி கேட்டீங்க. ஏழாம், எட்டாம் வகுப்பு பசங்க இந்த மாசம் ஜப்பானைப் பத்தி தெரிஞ்சுக்கிறாங்க, பாடமா இல்ல, கைவேலையும் சினிமாவுமா.

முதல்ல ஓரிகாமி கொக்கு. வெட்டக்கூடாது ஒட்டக்கூடாது, ஒரு சதுர பேப்பரை மடிச்சே கொண்டுவரணும். அப்போ சடாகோ சசாகிங்கிற ஜப்பான் பொண்ணோட கதையும் சொன்னோம். ஹிரோஷிமால அணுகுண்டு விழுந்தப்போ அவளுக்கு 2 வயசு, ரத்தப் புற்றுநோய் வந்து 1955ல 12 வயசுல இறந்துட்டா, ஆயிரம் கொக்கு மடிச்சா நினைச்சது நடக்கும்னு அங்க ஒரு நம்பிக்கை, அதனால ஆஸ்பத்திரி படுக்கைல இருந்துக்கிட்டு மருந்து சுத்தி வந்த பேப்பரைக் கூட விடாம மடிச்சிருக்கா. வகுப்புல யாரும் பேசல. மறுநாள் காலைல ஒரு பொண்ணு பஸ் டிக்கெட்டை சதுரமா கிழிச்சு மடிச்ச குட்டிக் கொக்கை என் டேபிள்ல வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டா, அது இன்னும் அங்கதான் இருக்கு.

வெள்ளிக்கிழமை படம் போட்டோம். ஜப்பான் இயக்குநர் ஓசு எடுத்த ‘ஒஹாயோ’, குட் மார்னிங்னு அர்த்தம், 1959ல வந்தது. டிவி வாங்கித் தரலன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாயே திறக்க மாட்டோம்னு ஸ்கூல்ல கூட பேசாம இருப்பாங்க, பெரியவங்க மட்டும் குட் மார்னிங், நல்ல வெயில்னு சும்மா பேசலாமான்னு அந்தப் பையன் கேக்குற இடத்துல நம்ம பசங்க கைதட்டிட்டாங்க. கேமரா ஏன் சார் தரையோட இருக்குன்னு ஒருத்தன் கேட்டான், பாய்ல உக்காந்து பாக்குற உயரம்டா அதுன்னதும் பெஞ்சை விட்டு எறங்கி தரைல உக்காந்துட்டான், அவனைப் பாத்து பாதி வகுப்பே எறங்கிடுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

அடுத்தது கின்சுகி. உடைஞ்ச பாத்திரத்தை உருஷிங்கிற மரப்பால் வச்சு ஒட்டி, விரிசல் மேல தங்கப்பொடி தூவுவாங்க, ஒட்டின கோடு நல்லா தெரியணும், மறைக்க மாட்டாங்க. முறையா செஞ்சா காய வாரக்கணக்குல ஆகும், அந்தப் பால் பட்டா தோல் தடிச்சு அரிக்கும், அதனால நாம அரால்டைட் பசைல தங்கக் கலர் பொடி கலந்துதான் செய்யப் போறோம். அந்தக் கப்புல டீ குடிக்கக் கூடாது, பேனா போட்டு வச்சுக்கலாம்.

இதுக்குத்தான் உங்க உதவி வேணும். உடைஞ்ச பீங்கான் கப்பு, தட்டு இருந்தா துண்டு எதுவும் விட்டுப்போகாம பழைய துணில சுத்தி குடுத்து விடுங்க, கண்ணாடி வேண்டாம். அது யார் குடுத்த கப்பு, எப்படி உடைஞ்சதுன்னு பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, உடைச்சது அவனாவே இருந்தாலும் திட்டாம சொல்லுங்க. சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆரம்பிக்கிறோம், நீங்களும் வந்து கூட உக்காரலாம், தரைலதான் உக்காரணும், முட்டி வலி இருக்கவங்களுக்கு நாற்காலி போட்டிருக்கோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்