மாரிக்கு முன் ஒரு பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ் மாவட்டத்தின் பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளிலும் வெளிநோயாளரைப் பார்க்கும் வைத்தியர்களுக்கான தொடர் மருத்துவக் கல்வி பற்றி எழுதுகிறோம். இதை மாரி தொடங்கமுன் எழுதக் காரணம் இருக்கிறது. ஐப்பசியில் மழை இறங்கினால் தை வரைக்கும் வெளிநோயாளர் பிரிவின் வாங்கு நிறையக் காய்ச்சல்காரர்தான். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் மூன்றும் ஒரே மாதங்களில் ஒரே முகத்தோடு வருகின்றன: காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு. முதல் இரண்டு நாளில் இவற்றைப் பிரித்தறிவது நிபுணருக்கும் சிரமம். அந்த இரண்டு நாளிலும் நோயாளி போவது பெரியாஸ்பத்திரிக்கு அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக்கு.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரி வைத்தியருக்கு இப்போது கிடைக்கும் தொடர்கல்வி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது. வார இறுதியில் நகரத்தில் ஒரு மண்டபம், ஒரு நிபுணரின் முக்கால் மணிநேர விரிவுரை, சில கேள்விகள், மதியச் சாப்பாடு, சான்றிதழ். விரிவுரை செய்வோரின் அறிவிலோ அக்கறையிலோ எங்களுக்குக் குறையில்லை. ஆனால் விரிவுரை எவ்வளவு தூரம் வேலையை மாற்றும் என்பது அளந்து பார்க்கப்பட்ட விடயம். கொக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2009இல் வெளியிட்ட மீளாய்வு பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. கல்விக் கூட்டங்களுக்குப் பின் மருத்துவர்களின் நடைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம் நடுமதிப்பில் 6 வீதம் மட்டுமே. விரிவுரையையும் செய்முறையையும் கலந்து நடத்திய கூட்டங்களில் அது 13 வீதத்துக்கு மேல் போனது. கூட்டத்தின் வடிவத்தை மாற்றினாலே பலன் ஏறக்குறைய இரட்டிக்கும் என்றால், நாங்கள் ஏன் பழைய வடிவத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

மருந்துக் கம்பனி செலவைப் பொறுப்பேற்கும் கூட்டங்களில் இன்னொரு கோணல் உண்டு. தலைப்பு புதுக் குளிசையின் பக்கம் சாய்ந்துவிடும். கிராமத்து மருந்தகத்தில் இருப்பது நீரிழிவுக்கான மெட்போமினும் பிரஷருக்கான லொசாட்டனும். அவற்றைச் சரியான அளவில், சிறுநீரகத்தின் நிலை பார்த்துக் கொடுப்பது பற்றிப் பேச அங்கே ஆள் வருவதில்லை.

காய்ச்சலுக்கு வருவோம். டெங்குவில் பிழை நடக்கும் இடங்கள் பெரிய இடங்கள் அல்ல. முதல் நாளே இரத்தப் பரிசோதனை செய்து, வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் சரியாக இருப்பதைக் கண்டு, "டெங்கு இல்லை" என்று சொல்லிவிடுவது ஒரு பிழை. முதல் நாளில் அவை அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து பார்த்தால்தான் இறக்கம் தெரியும். டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனையில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. அது முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பிடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு செய்து இல்லை என்று வந்தால் அதை நம்பி ஆளை வீட்டுக்கு விட முடியாது. இன்னொரு பிழை பரசிற்றமோலில். உடல் நிறைக்கு ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்பதுதான் 24 மணிநேரத்துக்கான உச்ச அளவு. 50 கிலோ ஆளுக்கு அது 500 மில்லிகிராம் குளிசை ஆறு. "இரண்டிரண்டாக நாலு நேரம்" என்று பழக்கத்தில் எழுதும்போது அது எட்டாகிவிடுகிறது, ஈரலில் ஏற்கெனவே சுமை ஏறியிருக்கும் நேரத்தில். டைக்குளோபெனாக் என்ற நோவு மருந்தின் ஊசியும் குதவழி மருந்தும் அறவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோயாளி நேற்று மாலை வேறெங்காவது போட்டுக்கொண்டு வந்தாரா என்று கேட்கும் பழக்கம் எல்லோருக்கும் இல்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது காய்ச்சல் விடும் நேரம். வீட்டுக்காரருக்கு அது நல்ல செய்தி. டெங்குவில் குருதித் திரவம் கசியத் தொடங்கும் கட்டம் அநேகமாக அதுதான். அந்த 24 முதல் 48 மணிநேரத்தில் கைகால் குளிர்ந்து, நாடித்துடிப்பு ஏறி, பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20க்கு வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலை, மேல் எண் 100 என்று நின்றாலும். 100க்கு 80 என்பதைப் பார்த்து "பிரஷர் பரவாயில்லை" என்று எழுதுவது இங்கேதான் நடக்கிறது. குருதிச் செறிவு (குருதியில் செங்கலங்களின் வீதம்) 36 இருந்தவருக்கு 43 ஆகியிருந்தால் அது ஏறக்குறைய 20 வீத ஏற்றம். ஆனால் முதல் 36ஐ யாராவது குறித்து வைத்திருந்தால்தான் இந்தக் கணக்கே வரும். குடிப்பதற்கு என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதும் பயிற்சிக்குரிய விடயம். "நல்லாய்த் தண்ணி குடியுங்கோ" போதாது. 50 கிலோவும் அதற்கு மேலும் உள்ள வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2500 மில்லிலீற்றர் அளவில், ஜீவனி, கஞ்சி, இளநீர் என்று உப்பும் சேர்ந்த பானங்களாக, குடித்த நேரமும் அளவும் ஒரு தாளில் எழுதி, மறுநாள் அந்தத் தாளோடு வரவேண்டும்.

எலிக்காய்ச்சல் வேறு பாடம். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக வந்து சிலர் இறந்தபோது, முதலில் மர்மக் காய்ச்சல் என்றே ஊர் பேசியது. எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் தெரிந்தது. பிறபொருளெதிரி பார்க்கும் பரிசோதனை முதல் வாரத்தின் கடைசிக்குப் பிறகுதான் பலன் தரும்; அதுவரை காத்திருந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் காத்திருக்கமாட்டா. வயலில் இறங்கினாரா, வெள்ளத்தில் நடந்தாரா, கெண்டைக்கால் அமுக்க நோகிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்ததா என்று ஐந்து கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும். மெல்லிய நோயென்றால் டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு இருமுறை 7 நாள். மூச்சுத் திணறினாலோ சிறுநீர் குறைந்தாலோ குளிசைக்கு இடமில்லை, உடனே அனுப்ப வேண்டும்.

உண்ணிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் புதிதல்ல. பெயரில் உண்ணி இருந்தாலும் அதைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிற்றுண்ணியின் குடம்பிதான். அது கடித்த இடத்தில் நோவில்லாத ஒரு கறுத்த பொருக்கு வரலாம். நோவில்லாததால் நோயாளி சொல்லமாட்டார். கக்கம், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் சாரமோ பாவாடையோ இறுக்கும் இடம், இவற்றைத் திரைக்குப் பின்னால் நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்தான் கிடைக்கும். அமொக்சிசிலின், செபலெக்சின் இரண்டும் இதற்கு வேலை செய்யா. ஒரு கிழமை அவற்றைக் கொடுத்துக் காய்ச்சல் நிற்காமல், பிறகு டொக்சிசைக்கிளின் தொடங்கி இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கினால், அந்தக் கிழமை வீணாகிப்போனது என்று அர்த்தம். கர்ப்பிணிக்கு டொக்சிசைக்கிளினுக்குப் பதிலாக அசித்திரோமைசின். டொக்சிசைக்கிளினை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்கவேண்டும் என்பதை மருந்து கொடுக்கும் யன்னலில் ஒருவர் சொல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண் வந்து, மூன்றாம் நாளே மருந்து நின்றுவிடும்.

இவ்வளவும் விரிவுரையில் சொல்லக்கூடியவைதான், சொல்லப்பட்டும் வருகின்றன. கைக்கு வருவதில்லை. ஆகவே எங்கள் வேண்டுகோள்: வருடத்துக்கு ஒரு பெரிய கூட்டத்தின் காசை எடுத்து, ஐப்பசி பிறக்கமுன் ஒவ்வொரு வைத்தியசாலையிலேயே, வெளிநோயாளர் முடிந்த பின் மதியம் 90 நிமிடப் பயிற்சி ஒன்று. பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வைத்தியர்கள் மட்டுமல்ல, தாதியர், மருந்தாளர், உதவி மருத்துவ அதிகாரி எல்லோரும் ஒன்றாக, தமிழில். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண் இது. மருந்தாளருக்கும் தாதிக்கும் விளங்கும் மொழியில் நடத்துவதற்கு யாரும் தயங்கவேண்டியதில்லை. மாலையில் தனியார் மருந்தகம் நடத்தும் வைத்தியர்களையும் அழைக்க வேண்டும். காய்ச்சலின் முதல் மாலை பலர் போவது அவர்களிடம்.

அந்த 90 நிமிடத்தில் என்ன செய்யலாம் என்பதற்குப் பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். மழையோடு அதுவும் வரும். புடையனோ சுருட்டையோ கடித்தால் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. 2 மில்லிலீற்றர் நாள இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்து, ஒருதரம் மட்டும் சரிக்க வேண்டும். ஓடினால் உறையவில்லை. இவ்வளவு எளிதான பரிசோதனையில் பிழை வருவது குழாயால். சவர்க்காரம் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்ரிக் குழாயிலும் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கலாம், ஏனென்றால் உறைதலைத் தூண்டுவதே சுத்தமான கண்ணாடியின் மேற்பரப்பு. பயிற்சியில் விருப்பமுள்ள ஒருவரின் இரத்தத்தை மூன்று குழாய்களில் விடுங்கள்: புதிய கண்ணாடி, சவர்க்காரத்தில் கழுவிய கண்ணாடி, பிளாஸ்ரிக். 20 நிமிடம் கழித்து மூன்றையும் சரித்துப் பார்த்தவர் அதை மறக்கமாட்டார். முதல் தரம் உறைந்துவிட்டதால் விசம் இல்லை என்றாகாது, திரும்பத் திரும்பச் செய்யவேண்டும் என்பதையும் அந்த மேசையிலேயே சொல்லலாம். நரம்பைத் தாக்கும் எட்டடி விரியனின் கடியில் இந்தப் பரிசோதனை உதவாது. இரவு நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் வயிற்றுநோவென்று வந்து, இமை மெல்லத் தொங்கத் தொடங்கினால், கடித்த அடையாளமே இல்லாவிட்டாலும் அதை நினைக்க வேண்டும்.

அந்த 20 நிமிடம் காத்திருக்கும் நேரத்தில் அட்ரினலின் ஊசி போடப் பழகலாம். ஆயிரத்துக்கு ஒன்று செறிவுள்ள 1 மில்லிலீற்றர் அம்பூலில் இருப்பது 1 மில்லிகிராம். ஒவ்வாமை அதிர்ச்சியில் வளர்ந்தவருக்கு 0.5 மில்லிலீற்றர், தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள். குறையாவிட்டால் 5 நிமிடத்தில் இன்னொன்று. பாம்பு எதிர்விசம் ஏற்றமுன் ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுப்பது 0.25 மில்லிலீற்றர், தோலின் கீழ். அதனால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்றும், ஹைட்ரோகோட்டிசோனும் புறோமெதசினும் அப்படித் தடுக்கவில்லை என்றும் காட்டிய ஆய்வு இலங்கையிலேயே நடந்து 2011இல் வெளியானது. இந்த இரண்டு அளவும் இரண்டு இடமும் அவசரத்தில் மாறிப்போகும். ஆகவே ஒவ்வொருவரும் வெற்று நீர் அம்பூலை உடைத்து, 1 மில்லிலீற்றர் சிறிஞ்சில் இரண்டு அளவையும் இழுத்து, தோடம்பழத்தில் குத்திப் பழகட்டும். கடைசியாக எல்லோரும் எழுந்து போய் அவசர மருந்துத் தட்டைப் பார்க்க வேண்டும்: அட்ரினலின் எத்தனை, காலாவதித் திகதி என்ன, அலுமாரி பூட்டியிருந்தால் திறப்பு இரவில் யாரிடம்.

பயிற்சி பலித்ததா என்று பார்ப்பதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பல இடங்களில் வெளிநோயாளர் குறிப்பு ஆஸ்பத்திரியில் தங்குவதில்லை. துண்டு நோயாளியோடு போய்விடுகிறது. அதற்கு ஒரு 80 பக்கக் கொப்பி போதும். காய்ச்சல் எத்தனையாம் நாள், நாடித்துடிப்பு, பிரஷரின் இரண்டு எண், இரத்தப் பரிசோதனை, எந்த நாள் திரும்ப வரச்சொன்னது என்று ஐந்து நிரல். ஆறு கிழமை கழித்துத் தொடர்ச்சியாக 30 பேரின் வரிகளை எடுத்து, எத்தனை பேருக்குக் காய்ச்சலின் நாள் எழுதப்பட்டது, எத்தனை பேருக்குப் பிரஷர் பார்க்கப்பட்டது என்று எண்ணினால் ஒரு மதியத்தில் முடியும். இதை ஆளைக் குற்றம் பிடிக்கும் விசாரணையாக்கினால் அடுத்த மாதம் கொப்பி நிரம்பியிருக்கும், ஆனால் உண்மை இருக்காது.

இவற்றையெல்லாம்விட மலிவான ஒரு கல்வி இருக்கிறது, அது அறவே நடப்பதில்லை என்பதுதான் எங்கள் பெரிய மனக்குறை. காய்ச்சல்காரரை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய வைத்தியருக்கு, கடைசியில் அது என்ன நோய் என்று தெரியவருவதில்லை. நோய் நிர்ணய அட்டை நோயாளியின் பையில் போகிறது. நினைத்தது சரியா, பிந்தி அனுப்பினோமா, சும்மா அனுப்பினோமா என்று அறியாமலே வருடங்கள் ஓடுகின்றன. பெயரும் அடையாளமும் நீக்கி, அனுப்பிய ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் மாதம் ஐந்து நோயாளிகளின் முடிவை நான்கு வரியில் விடுதியிலிருந்து திருப்பி எழுதினால் போதும். போதனா வைத்தியசாலையும் ஆதார வைத்தியசாலைகளும் இதற்கு ஒரு பயிலுநர் வைத்தியரின் மாதத்துக்கு ஓரிரு மணிநேரத்தை ஒதுக்க வேண்டும்.

தீவகத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. நெடுந்தீவில் கடமையிலுள்ள வைத்தியர் பதில் ஆள் இல்லாமல் குறிகட்டுவானுக்குப் படகேற முடியாது. கடல் பொங்கினால் நோயாளியும் வரமுடியாது. அங்கே யாரை எப்போது அனுப்புவது என்ற முடிவைப் படகையும் காற்றையும் பார்த்து முந்தியே எடுக்க வேண்டியிருப்பதால், நகரத்துப் பாடம் அப்படியே பொருந்தாது. 2003இல் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் நிபுணர் தொடங்கிய எக்கோ முறை இதற்குத் தோதானது. நிபுணரின் விரிவுரை அதில் சிறிது நேரம்தான். தூரத்து வைத்தியர்கள் காணொளியில் கூடித் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து ஆராய்கிறார்கள். ஈரல் அழற்சி சி நோயில் பல்கலைக்கழக கிளினிக்கில் குணமானோர் 57.5 வீதம், அந்தத் தூரத்து வைத்தியர்களிடம் 58.2 வீதம் என்று 2011இல் கணக்கு வந்தது. வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் வைத்தியர்கள் இணையவழி உரைகளுக்கு மனமுவந்து நேரம் தருகிறார்கள். அந்த நேரத்தில் பாதியை இப்படி, அனலைதீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ ஒரு வைத்தியர் கொண்டுவரும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவதற்குத் தந்தால் நல்லது.

செலவு பெரிதல்ல. கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி, சிறிஞ்ச் ஒரு பெட்டி, கொப்பிகள், பயிற்றுநருக்கு வாகனம். மாகாண, பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகள் வெளிநோயாளர் பிரிவை ஒரு மதியம் பிந்தித் திறக்க எழுத்தில் அனுமதி தந்து, மருத்துவ பீடத்தின் சமுதாய, குடும்ப மருத்துவத் துறையையும் சேர்த்துக்கொண்டால், புரட்டாதிக்குள் முதல் சுற்றை முடிக்கலாம்.

இப்படிக்கு,
ஆரம்ப மருத்துவப் பராமரிப்பில் பணிபுரியும் வைத்தியர்கள் சிலர்
யாழ்ப்பாணம்