ஏழு தந்தி வேண்டாம், செல்வம்

சென்னை,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. தேன்நெல்லி வந்து சேர்ந்தது என்று உன் தங்கையிடம் சொல்லிவிடு. நம் நண்பன் கரடி போன வாரம் போனில் பேசினான். பேசி முடிக்கும்வரை அந்தப் பக்கம் மேசை அதிர்ந்துகொண்டே இருந்தது. அவன் மாறவில்லை.

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. வேலைப்பளுவால் பதில் எழுத முடியவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பவர் பிரஸ்ஸில் உன் இடது கை மோதிர விரலின் நுனி போன நாளிலிருந்து, உன்னிடம் கிடார் என்ற சொல்லையே நான் எடுத்ததில்லை. மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்த உன் கையைப் பார்த்தும் பார்க்காததுபோல, மழையைப் பற்றியும் இரும்புத் தகட்டின் விலையைப் பற்றியும் பேசிவிட்டு ரயிலேறியவன் நான். அன்று உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை இத்தனை நாள் கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது நீயே, "மறுபடியும் வாசிக்கப் போகிறேன், மெட்டல் இசைக்கு எந்தக் கிடார் வாங்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய்.

மகிழ்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். நீ வாங்கப்போவதாகக் குறித்து அனுப்பிய கிடாரைப் பார்த்ததும் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏழு தந்தி, பூட்டுப் போடும் மிதவை பிரிட்ஜ் (ஸ்பிரிங்கின் இழுப்பில் நிற்கும் தந்தித்தாங்கி), பேட்டரியில் ஓடும் பிக்அப், இரண்டு கூரிய கொம்புகள், கறுப்பு நிறம். 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில், மெட்டாலிகா மேடையேறும்வரை கூட்டத்தில் என் தோளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு "இதுபோல ஒன்று வாங்கியே தீருவேன்" என்று கத்திய பையன்தான் இந்தப் பட்டியலையும் எழுதியிருக்கிறான். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால், கிடாரை வாசிக்கப்போவது இன்றைய உன் கை.

எனவே நேற்று ஒரு காரியம் செய்தேன். என் இடது மோதிர விரலை உள்ளங்கையோடு மடக்கி, மருந்துக்கடைப் பட்டையால் ஒட்டிக்கொண்டு, இசைக்கருவிக் கடைக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கடைப் பையன் முதலில் விசித்திரமாகப் பார்த்தான். காரணத்தைச் சொன்னதும் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொடுத்தான். இனி நான் எழுதுவதெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் கண்டது.

முதலில் பிக்அப், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பகுதி. இதில் மட்டும் உன் பட்டியலோடு பாதி ஒத்துப்போகிறேன். நமது விடுதி அறையில் டியூப்லைட்டைப் போட்டதும் உன் பழைய கிடார் குளவிக்கூடுபோல இரைந்தது நினைவிருக்கிறதா? அது ஒற்றைச் சுருள் பிக்அப். அந்தச் சுருள் தந்தியின் அசைவைப் பிடிப்பதோடு, சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலையும் சேர்த்துப் பிடிக்கும். மெல்லிய ஒலியில் வாசிக்கும்போது பொறுத்துக்கொள்ளலாம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றியதும் தந்தியின் ஒலி எவ்வளவு பெருகுகிறதோ அவ்வளவு அந்த முனகலும் பெருகிவிடும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, இரண்டாவதை எதிர்த்திசையில் இணைத்து, அதன் காந்தத்தையும் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டு சுருள்களிலும் எதிரெதிராக விழுந்து அழிந்துபோக, தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடொன்று கூடிக்கொள்கிறது. அதுதான் ஹம்பக்கர். கனமான ராக் வாசிக்க வாங்கும் கிடாரில், குறைந்தது பிரிட்ஜ் பக்கமாவது ஹம்பக்கர் இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

பேட்டரி பிக்அப் நல்ல பொருள்தான். மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டின் அந்த இறுகிய வெட்டொலிக்கு ஈஎம்ஜி 81 பிக்அப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்ற மறந்தால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பட்டறையிலிருந்து இரவு பத்து மணிக்கு வந்து அரை மணி நேரம் வாசிக்கப்போகிற உனக்கு இந்தத் தொல்லை எதற்கு? சாதாரண ஹம்பக்கரே போதும்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். பிளாக் சபாத் குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமி. அவர் கதை உனக்குத் தெரியும் என்பாய். கதையாக மட்டும்தான் நாம் அதைத் தெரிந்துவைத்திருந்தோம். பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலையில், 17 வயதில், வேலையை விட்டுப் போகவிருந்த கடைசி நாளன்று, வராத ஒருவருக்குப் பதிலாக பிரஸ்ஸில் நின்றபோது அவருடைய வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அதுதான். இனி வாசிக்கவே முடியாது என்று நம்பிக் கிடந்தவரிடம், தொழிற்சாலை மேலதிகாரி ஒருவர் ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரெயின்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டி, இந்த மனிதர் தீக்காயத்துக்குப் பின் இரண்டே விரல்களால் வாசிக்கிறார் என்று சொன்னாராம். ஐயோமி பிளாஸ்டிக் பாத்திரச்சோப்பு புட்டியை உருக்கி உருண்டையாக்கி, சுடுகோலால் விரல் நுழையத் துளையிட்டு, தேய்த்து மெருகேற்றி, மேலே தோல் ஒட்டி விரல் உறை செய்துகொண்டார். அந்தக் காலத்தில் மெல்லிய கிடார் தந்திகள் கடையில் கிடைக்கவில்லை. பாஞ்சோ தந்திகளைப் பூட்டினார். 1971-இல் வந்த குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பில் சுருதியை மூன்று அரைஸ்வரங்கள் இறக்கினார். நாம் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு, பூமியே நகர்கிறதென்று வியந்த அந்த ஒலியில் அவருடைய காயத்துக்கும் பங்கு உண்டு, செல்வம். உனக்கு ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்தவை எல்லாமே கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியவை. நான் போட்டுப் பார்த்தேன்.

நீ குறித்திருந்த கிடாரில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம். கிப்சன் வகைக் கிடார்களில் அது 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். அதே தந்தியில், அதே சுருதிக்கு, இழுவிசை நீளத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அந்த முக்கால் அங்குலத்துக்கே ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. அதன்மேல் சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இன்னும் 20 சதவீதத்துக்கு மேல் குறையும். இரண்டையும் சேர்த்தால், நீ முன்பு அழுத்திய விசையில் முக்கால் பங்குதான் தந்தியில் மிஞ்சும். நேற்று, மடக்கிய விரலோடு, நீளமான கிடாரில் பத்து நிமிடத்தில் என் சுண்டுவிரல் நடுங்கத் தொடங்கியது. குட்டையான, கிப்சனின் எஸ்ஜி வகைக் கிடாரில் அரை மணி நேரம் ஆகியும் நடுங்கவில்லை. கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுக் கம்பிகளும் நெருக்கமாக இருப்பதால் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் எட்டிப் பிடிப்பதும் எளிதாக இருந்தது.

இப்போது ஆறாவது தந்தியை மட்டும் இன்னொரு முழு ஸ்வரம் இறக்கு. அடிப்பக்கத்து மூன்று தந்திகளும் ச, ப, மேல் ச என்று அமைந்துவிடும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து அழுத்தினால் ச-ப மட்டும் சேர்ந்த பவர் கார்டு முழுமையாக வந்துவிடும்; மோதிர விரல் தேவையே இல்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில் அத்தை தம்புரா மீட்டும்போது, நடுவே எங்கிருந்தோ ஒரு கீழ் ஒலி எழுவதை நாம் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறோம் அல்லவா? டிஸ்டார்ஷனில் ச-ப சேரும்போதும் அப்படி ஒன்று எழும். இரண்டின் அதிர்வும் 2-க்கு 3 என்ற விகிதத்தில் இருப்பதால், அவற்றின் வித்தியாசமாகக் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் தானாகப் பிறக்கிறது. நீ வாசிக்காத ஓர் ஒலி கிடாருக்கு அடியிலிருந்து எழுந்து நெஞ்சில் மோதும். காந்தாரத்தையும் சேர்த்து வாசித்துப் பார், அதே டிஸ்டார்ஷனில் எல்லாம் கலங்கிப்போகும். குறைந்த விரல்களால் வாசிப்பதே இந்த இசைக்குப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

ஏழு தந்தி வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். ஏழு தந்திக் கிடாரில் நட்டின் அகலம் சுமார் 48 மில்லிமீட்டர். ஆறு தந்தியில் சுமார் 43. அந்த அகலமான கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலைக் கொண்டுபோனால் மற்ற விரல்களின் எட்டுதல் குறைந்துவிடுகிறது. கீழ் ஒலிக்காகத்தான் ஏழாவது தந்தி என்றால், அந்த ஒலியில் பெரும்பங்கை மேலே சொன்ன சுருதியிலேயே அடைந்துவிடலாம்.

மிதவை பிரிட்ஜைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டுப் போட்டியில் என் கிடாரில் ஒரே ஒரு தந்தி அறுந்ததும், ஸ்பிரிங்கின் இழுப்பு சமன் குலைந்து மீதி ஐந்து தந்திகளும் சுருதி விலகியதை நீ மேடையில் என் பக்கத்திலேயே நின்று பார்த்தாய். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அந்தப் பூட்டு மிதவை அமைப்பு நல்ல உலோகத்தில், நன்றாகச் சரிசெய்யப்பட்டு இருந்தால் அற்புதமானது. கிடார் கலைஞர் எடி வேன் ஹேலனின் கையில் அது என்ன செய்தது என்பதை உலகம் கேட்டது. ஆனால் சுருதியை மாற்ற நினைக்கும் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து, ஆலன் கீயைத் தேடி, ஸ்பிரிங்கைச் சமன்செய்ய வேண்டும். உன் கைக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்று பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பார்க்கவேண்டிய நிலையில் நீ இருக்கிறாய். நகராத பிரிட்ஜ்தான் உனக்கு வேண்டும்.

தந்தி 10-52 வாங்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில் தடிமன்). மேல் மூன்றும் மெல்லியவை, அடி மூன்றும் தடித்தவை. இறக்கிய சுருதியில் மெல்லிய ஆறாவது தந்தி தொளதொளத்து, ஓங்கி மீட்டும்போது ஸ்வரம் மேலேறி நழுவும்; 52 அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் புதுக் கிடாரின் நட்டில் காடி மெல்லிய தந்திக்கு வெட்டப்பட்டிருந்தால் 52 சிக்கிக்கொள்ளும். அதை அரத்தால் மெல்ல அகலப்படுத்த வேண்டும். இதற்கு நீ யாரிடமும் போக வேண்டாம். 0.02 மில்லிமீட்டருக்காகப் பட்டறையையே இரண்டாக்குகிற ஆள் நீ! இடைவெளி அளக்கும் உன் ஃபீலர் கேஜை எடுத்துக்கொள். ஆறாவது தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப்பிடித்து, எட்டாவது ஃப்ரெட்டின்மேல் கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருப்பி, பொறுத்திருந்து, மறுபடி அள. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் அடிப்பக்கம் 2 மில்லிமீட்டர், மேற்பக்கம் 1.5. இந்த அளவுகள் சரியாக அமைந்த மலிவான கிடார், அமையாத விலையுயர்ந்த கிடாரைவிட உன் கைக்கு எத்தனையோ மடங்கு இதமாக இருக்கும்.

எஸ்ஜி வகையில் ஒரு குறையும் உண்டு: உடல் எடை குறைவு என்பதால் தலைப்பக்கம் கீழே சாயும். வழுக்கும் நைலான் பட்டையை விட்டுவிட்டு, சொரசொரப்பான அகலத் தோல்பட்டையாக வாங்கு. விரல்பலகை ஈட்டி மரத்தில் இருந்தால் நல்லது. நம் கூடலூர்ப் பக்கத்து ஈட்டிதான், இந்திய ரோஸ்வுட் என்ற பெயரில் உலகமெங்கும் கிடார்க் கழுத்துகளின்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. நேற்று அந்தக் கறுஞ்சிவப்புப் பலகையைத் தடவியபோது உங்கள் தாத்தாவின் கட்டில் நினைவுக்கு வந்தது.

நீ எழுதியிருந்த 60,000 ரூபாயையும் கிடாருக்கே கொட்டிவிடாதே. மூன்றில் ஒரு பங்கையாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்கு ஒதுக்கிவை. ஹெட்ஃபோன் போட்டு வாசிக்க வசதியுள்ளதாகப் பார். டிஸ்டார்ஷனை முழுவதும் ஏற்றாதே. பாதிக்குச் சற்றுமேல் நிறுத்தினால்தான் திரும்பத் திரும்ப வரும் ரிஃபின் ஒவ்வொரு வெட்டும் தனித்துக் கேட்கும்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை கோவை வருகிறேன். கடைக்குச் சேர்ந்தே போகலாம், அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே. கரடியும் திருப்பூரிலிருந்து வருவதாகச் சொல்கிறான். தண்ணீர்த்தொட்டி விஷயத்தை உன் மனைவி முன்னால் எடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இந்த உறைக்குள் இன்னொரு சிறிய பொட்டலம் இருக்கும். எங்கள் தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி, மெல்லிய ஆட்டுத்தோலில் இரண்டு விரல் உறைகள் தைத்து வாங்கினேன். தையல் தந்தியில் மாட்டக்கூடாது என்பதற்காக அதைப் பக்கவாட்டில் ஒதுக்கிப் போட்டிருக்கிறார். அளவு என் விரலுக்கு எடுத்தது. உனக்குத் தொளதொளத்தால், மெழுகில் விரலைப் பதித்து அந்த அச்சைக் கூரியரில் அனுப்பு. பெரியவர் வேறு தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். காசு வாங்க மறுத்துவிட்டார். நீ வாசிப்பதை ஒரு நாள் போனில் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
உன் பாஸ்கர்