ஜாஸ் சங்கம் வேண்டும், நடத்துவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினத்தை ஒட்டி, நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் பிறந்த, கற்பனையாக விரித்து வாசிக்கும் ஜாஸ் இசைக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்ற பேச்சு இளைஞர்களிடையே அடிபடுகிறது. வேண்டியதுதான். ஆனால் பேச்சு போகும் போக்கைப் பார்த்தால், தலைவருக்கு ஒரு பெரிய மனிதர், புரவலருக்கு ஒரு கடை முதலாளி, தொடக்க விழாவுக்கு ஒரு தேதி என்பதோடு நின்றுவிடும் போலிருக்கிறது. பொறுப்புகளை யார் யார் சுமப்பது என்பதை அதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும்.

1965இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் முகல் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ், ஃபில் கோரன், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால் என்ற நான்கு இசைக்கலைஞர்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிந்து, சொந்தமாக இசையமைத்ததையே மேடையேற்றுவது என்று விதி வகுத்து, பிள்ளைகளுக்கு இலவச வகுப்பும் நடத்தினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, அதைத் தொடங்கியவர்கள் ரசிகர்கள் அல்லர், வாசிப்பவர்கள்.

நம் ஊரில் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ஊதுகிறவர்கள் கல்யாண பேண்டு செட்காரர்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) பார்த்துப் பாடுகிறவர்கள் தேவாலயப் பாடகர் குழுக்களில் இருக்கிறார்கள். இவர்களை விழா மேடைக்கு மட்டும் கூப்பிட்டு, நிர்வாகக் குழுவை இசைத்தட்டு சேர்ப்பவர்களே வைத்துக்கொள்வது சரியல்ல. ஒன்பது பேர் குழு என்றால் ஐந்து பேராவது வாசிப்பவர்களாக இருக்கட்டும். குழுக் கூட்டத்தை முகூர்த்த நாளில் வைக்காதீர்கள். பேண்டு செட்காரர் அன்று வரமாட்டார். அவர் இல்லாமலே தீர்மானம் நிறைவேறிவிடும்.

பதிவுக்கு ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும்; ஒரு தவணை மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை வைக்க வேண்டும். சங்கங்கள் சிக்கலில் மாட்டுவது பெரும்பாலும் படிவம் 7இல்தான். நிர்வாகிகள் மாறியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் தாள் அது. புதுச் செயலாளர் பொன்னாடை போர்த்திக்கொள்வார், படிவத்தைப் போட மறந்துவிடுவார். பதிவாளர் அலுவலகத்தில் பழைய பெயரே நிற்கும். வங்கியில் கையெழுத்தை மாற்றப் போனால் தீர்மான நகலையும் பதிவாளர் அலுவலகச் சான்றையும் கேட்பார்கள். பதிவுச் சான்றும் தீர்மானப் புத்தகமும் பழைய செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கும், அவரோ கோபித்துக்கொண்டு போனவராக இருப்பார். அசல்களைச் சங்கத்தின் பெயரில் வங்கி லாக்கரில் வைத்து, நகல் ஒவ்வொன்றை மூவரிடம் கொடுத்துவிட்டால் இந்த வம்பு வராது.

பொருளாளர் வாசிப்பவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. மாலையில் உட்கார்ந்து ரசீது எழுதப் பொறுமை உள்ளவராக இருந்தால் போதும். காசோலையில் மூவரில் இருவர் கையெழுத்து என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண்ணும் அடிக்கட்டையும் இருக்கட்டும். வாங்கிய பணத்தை முழுக்க வங்கியில் போட்டுவிட்டுச் செலவுக்குத் தனியே எடுக்க வேண்டும். வசூலிலிருந்தே டீக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டினால் தணிக்கையில் எந்தக் கணக்கும் நேராகாது. புரவலருக்கு மேடையில் நாற்காலி போடலாம், குழுவில் ஓட்டு வேண்டாம்.

யாருமே யோசிக்காத பொறுப்பு இசைப் பொறுப்பாளர். முதல் நாளே குழப்பம் வருவது இங்கேதான். ஒரே இசைக்குறிப்புத் தாளை நகலெடுத்து எல்லாருக்கும் கொடுத்தால் கச்சேரி அலங்கோலமாகிவிடும். சிறிய வகையான ஆல்டோ சாக்ஸபோன்காரர் தாளில் உள்ள ‘சி’ ஸ்வரத்தை ஊதினால் நம் கணக்கில் இரண்டரைக் கட்டை கேட்கும், அதைவிடப் பெரிய டெனர் சாக்ஸபோன்காரர் அதையே ஊதினால் ஆறரைக் கட்டை. கீபோர்டு மட்டும் ஒரு கட்டையில் நிற்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கீபோர்டுக்கு ஒன்று, டெனருக்கும் டிரம்பெட்டுக்கும் ஒன்று, ஆல்டோவுக்கு ஒன்று என மூன்று தாள் வேண்டும். டிராம்போனும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தால் கீழ்ஸ்தாயிக் குறியீட்டில் நான்காவது தாள். ஒத்திகைக்கு முந்தைய இரவு உட்கார்ந்து இதைத் தயார் செய்பவரே இசைப் பொறுப்பாளர். நன்றாக வாசிப்பவரெல்லாம் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

ஜாம் என்று சொல்லப்படும் கூட்டு வாசிப்பிலும் அவர் சொல்தான் கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். பாட்டு எது, சுருதி என்ன, வேகம் என்ன என்பதை ஒருவரே அறிவிக்க வேண்டும். ஓர் அளவு (bar) என்பது நான்கு தட்டு. 32 அளவு கொண்ட பாட்டு ஒரு சுற்று, நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், 64 விநாடி ஓடும். பத்துப் பேர் வந்து ஆளுக்கு இரண்டு சுற்று தனியாக வாசித்தால் ஒரே பாட்டு 21 நிமிடத்தைத் தாண்டிவிடும். அதற்குள் பாதிக் கூட்டம் பஸ் பிடிக்கக் கிளம்பியிருக்கும். ஒரு பாட்டுக்கு நாலு பேர், மற்றவர்களுக்கு அடுத்த பாட்டு என்று பெயர்ப் பட்டியல் வைத்து நடத்த வேண்டும். தெரிந்தவர், பெரியவர் என்று பார்த்தால் புதுப் பையன்கள் மறுமாதம் வரமாட்டார்கள். அவர்களுக்கு 12 அளவில் ஒரு சுற்று முடியும் எளிய ‘புளூஸ்’ பாட்டு போதும். அதே வேகத்தில் ஒரு சுற்று 24 விநாடிதான், தவறினாலும் அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் எளிதில் கிடைக்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம். ஆடியில் அம்மன் கோயில் கொடைகள் இருப்பதால் பக்கத்துத் தெருவில் எந்த நாள் கொடை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நையாண்டி மேளத்துக்கு முன்னால் சாக்ஸபோன் எடுபடாது. திறந்தவெளி நிகழ்ச்சி என்றால் ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்கி, இரவு 10 மணிக்கு முன் முடித்துவிட வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் போக வாசிக்க எவ்வளவு நேரம் மிஞ்சும் என்று செயலாளர் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

சங்கத்துக்கென்று வாத்தியம் வாங்கினால் அதற்கும் ஒரு பொறுப்பாளரும் ஒரு பதிவேடும் வேண்டும். எடுத்துப் போகும்போதும் திருப்பித் தரும்போதும் கையெழுத்து. ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துளையை மூடும் பேடு ஒட்டிக்கொண்டு சாவி எழும்பாது. வாயில் வைத்து ஊதும் நாணல் தகடான ரீடை மட்டும் பொதுவில் வைக்கக் கூடாது. அது ஆளுக்கு ஆள் தனி. தொடக்கக்காரர்களுக்கு இரண்டு அல்லது இரண்டரை எண் ரீடு, அவரவர் காசில்.

— இசைச் சங்கப் பணிகளில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை