சக்கரக் கட்டையை எடுத்தது யார்? போர் விமானத் தொடர் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர், இயக்குநர், கதை எழுதும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நாட் (Gnat) என்ற போர் விமானம் ஓட்டிய விமானிகளைப் பற்றிய உங்கள் தொடரை எங்கள் வீட்டில் ஒரு பகுதி விடாமல் பார்த்து முடித்தோம். அடுத்த பருவத்துக்கான கதையை எழுதிக்கொண்டிருப்பதாக ஒரு பேட்டியில் சொல்லியிருந்தீர்கள். எழுதி முடிக்கும் முன்பே இது உங்கள் கண்ணில் பட வேண்டுமென்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். அந்த விமானங்களைப் பறக்கத் தயார் செய்த தரைப் பணியாளர்களையும் கதைக்குள் கொண்டுவாருங்கள். பெயரோடும், அவர்கள் செய்த வேலையோடும் கொண்டுவாருங்கள்.

என் அப்பா விமானப் படையில் ஏர்மேனாக, அதாவது அதிகாரிப் பதவியில் இல்லாத படைவீரராக இருந்தவர். நாட் விமானப் பிரிவு (ஸ்குவாட்ரன்) ஒன்றில் ஆர்மரர், அதாவது விமானத்தின் பீரங்கிகளுக்குப் பொறுப்பானவர். 71 டிசம்பரில் மேற்கு எல்லையில் ஒரு தளத்தில் இருந்தார். ஜெட் இரைச்சலில் வருடக்கணக்கில் நின்றதால் வலது காது போய்விட்டது, இடது காதும் பாதிதான். டிவியை முழுச் சத்தத்தில் வைத்தாலும் வசனம் பிடிபடாது. என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் காதில் சொல்லிக்கொண்டே வருவான். அப்படியும் உங்கள் தொடரை ஒரு நாள்கூட விடவில்லை. நாட் விமானம் திரையில் வந்தாலே நிமிர்ந்து உட்காருவார்.

எதிரி விமானங்கள் வருகின்றன என்று சைரன் ஒலிக்கும் காட்சியில் கதாநாயகன் டீ கிளாஸை வைத்துவிட்டு ஓடுகிறார், காக்பிட்டில் குதிக்கிறார், மேல் மூடி இறங்குகிறது, விமானம் கிளம்புகிறது. சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. அப்பா என் மகனைப் பார்த்து, "கட்டைய யாருடா எடுத்தது?" என்று கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. நிற்கும் விமானம் உருண்டுவிடாமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருப்பார்கள், விமானி சைகை காட்டிய பிறகு ஒருவர் குனிந்து அதை இழுத்தால்தான் விமானம் நகரும் என்று நான் விளக்கினேன். அதற்குப் பிறகு அதே மாதிரிக் காட்சி வந்தபோதெல்லாம் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் காலத்து வேலையை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நாட் மிகச் சின்ன விமானம். நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, இறக்கையின் அகலம் 7 மீட்டர்கூட இல்லை. அவ்வளவு சின்ன உடம்புக்குள் எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்ததால், ஒரு பாகத்தைத் தொட வேண்டுமென்றால் நாலு பாகத்தைக் கழற்ற வேண்டும். என்ஜினுக்குக் காற்று உள்ளே போகும் வாய்கள் இரண்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். உங்கள் தொடரில் இறக்கைக்கு அடியிலிருந்து ஏவுகணை சீறிப் போகிறதே, நம் நாட் விமானத்தில் அன்று ஏவுகணை கிடையாது. அந்த இரண்டு பீரங்கிகளை நம்பித்தான் போனார்கள். ஒவ்வொன்றுக்கும் 115 குண்டுகள். விரலை எடுக்காமல் அழுத்தினால் ஐந்தாறு வினாடியில் காலி.

குண்டுகளை ஒரு பெல்ட்டில் கோத்து உள்ளே மடித்து வைப்பது அப்பாவின் வேலை. டிசம்பர் மாதத்து வட இந்தியக் குளிரில், விளக்குப் போடக் கூடாத இரவில், விரல் நுனியால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்ப்பாராம். கையுறை போட்டால் எது கோணலாக இருக்கிறது என்று தெரியாது, அதனால் வெறுங்கைதான். ஓர் இணைப்பு முறுக்கிக்கொண்டால் போதும், மேலே போன விமானியின் பீரங்கி பாதியில் சிக்கிக்கொள்ளும். 1965 போரில் நாட் விமானத்தின் பெரிய தலைவலியே அதுதான். வேலை முடிந்ததும் எஃப்-700 என்ற பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என்ஜின் பார்த்தவர், உடற்பகுதி பார்த்தவர், மின்சாரம் பார்த்தவர், ஆயுதம் பார்த்தவர் என எல்லாரும் போட்ட பிறகு, விமானி அதைப் படித்துக் கடைசியாகத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் விமானத்தில் ஏறுவார். அத்தனை பேரையும் நம்பித்தான் அந்தக் கையெழுத்து. இவ்வளவு நல்ல காட்சி கையில் இருந்தும் ஏன் எடுக்காமல் விட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, நேரம் போதவில்லை, விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காட்டிய ஒரு காட்சிக்குத்தான் என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தரைப் பணியாளர் என்று ஒரே ஒருவரைக் காட்டினீர்கள். தெற்கத்தி உச்சரிப்பில் இந்தி பேசிச் சிரிக்க வைக்கும் ஒரு "மெட்ராஸி". குண்டு விழுந்ததும் ட்ராலிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறார். பின்னணியில் வேடிக்கை இசை. அந்த வசனத்தை மட்டும் என் மகன் தாத்தா காதில் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும்.

1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் என்ன நடந்தது என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். பெஷாவரிலிருந்து வந்த ஆறு பாகிஸ்தானிய சேபர் போர் விமானங்கள் ஓடுதளத்தின் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதே நிர்மல்ஜித் சிங் செக்கோன் தன் நாட் விமானத்தைக் கிளப்பினார். தனி ஆளாக அவர்களோடு மோதி உயிரைக் கொடுத்தார். விமானப் படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். அவரை நினைத்தால் இன்றும் எங்களுக்கு மெய்சிலிர்க்கும். அதே ஓடுதளத்தில், அதே குண்டு மழையில், அவருடைய விமானத்தின் பக்கத்தில் நின்றவர்கள் ட்ராலிக்கு அடியில் ஒளிந்திருந்தால் அவர் எப்படிக் கிளம்பியிருப்பார்? கிளம்பினார் என்பதே அவர்கள் ஓடவில்லை என்பதற்குச் சாட்சி. 1948-ஆம் வருடச் சர்வதேச ஒப்பந்தத்தை மதித்து, போர் மூளும்வரை ஸ்ரீநகரில் நாம் போர் விமானங்களை நிறுத்தி வைக்கவில்லை. விமானிகளைப் போலவே தரைப் பணியாளர்களும் அந்தக் குளிருக்குப் புதிதாகப் போய் இறங்கியவர்கள்தான்.

அடுத்த பருவம் கிழக்கு முனையைப் பற்றியது என்கிறீர்கள். அப்படியானால் போய்ரா வான் சண்டை கண்டிப்பாக வரும். 1971 நவம்பர் 22, கல்கத்தாவின் டம்டம்மிலிருந்து கிளம்பிய நான்கு நாட் விமானங்கள், அவற்றை ஓட்டியவர்கள் மாஸி, கணபதி, லாசரஸ், சோரஸ். அன்று மாஸியின் விமானத்தில் ஒரு பீரங்கி நடுவில் சிக்கிக்கொண்டது, மற்றது சுட்டது. சிக்கிய பீரங்கியை நீங்கள் நிச்சயம் காட்டுவீர்கள், அதில் பதற்றம் இருக்கிறது. சிக்காமல் சுட்டதே, அதற்குக் குண்டு கோத்த கைகளையும் காட்டுங்கள். தரையிலிருந்து ரேடாரைப் பார்த்து அவர்களுக்கு வழி சொன்னவர் பாக்சி. அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மற்றவர்களின் பெயர் இல்லாமல் போனதற்கு, யாரும் போய்க் கேட்காததுதான் காரணம்.

உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின அமெரிக்கர்களை டஸ்கீகி ஏர்மேன் என்கிறார்கள். டஸ்கீகி என்ற ஊரில் பயிற்சி பெற்ற விமானிகள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஆனால் அந்தப் பெயர் விமானிகளுக்கு மட்டும் உரியதில்லை. மெக்கானிக், ஆர்மரர், பாராசூட் மடித்தவர் எல்லாரும் அதில் சேர்த்தி, மரியாதையும் எல்லாருக்கும்தான். நம் ஊரில் அக்டோபர் 8 விமானப் படை நாள் வந்தால் டிவியில் உட்கார வைப்பது ஓய்வு பெற்ற அதிகாரிகளை மட்டும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுவதும் அவர்களைத்தான். எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய ஊர்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் மாட்டியிருக்கும் சீருடைப் படங்களில் பெரும்பாலானவை சிப்பாய்களும் ஏர்மேன்களும்தான். அவர்கள் கதையைக் கேட்க ஒரு கேமராவும் அந்தத் தெருப் பக்கம் வந்ததில்லை. வயலையும் கடனையும் விட்டுவிட்டுப் போனவர்கள், பென்ஷன் கணக்குக்காக அலுவலகம் அலுவலகமாக நடக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் இது எங்கெங்கோ போகும். உங்களிடம் கேட்க வேண்டியது இதுவல்ல, மன்னியுங்கள்.

தரையில் நடப்பதில் சுவாரசியம் இருக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே 71 போரில் குஜராத்தின் புஜ் ஓடுதளம் குண்டு வீச்சில் குழி குழியானபோது, மாதாபர் ஊர்ப் பெண்கள் சுமார் 300 பேர் வந்து 72 மணி நேரத்தில் அதைச் சரிசெய்து கொடுத்தார்கள். சைரன் ஒலித்தால் ஓடிப் பதுங்கி, நின்றதும் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்கள். வானத்தில் நடந்த எந்தச் சண்டைக்கும் குறையாத கதை அது.

விமானிகளைக் குறைத்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு அவர்கள்மேல் இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமில்லை. திரும்பி வராத ஒரு விமானியைப் பற்றிப் பேசும்போது இன்றும் "எங்க சார்" என்றுதான் சொல்வார். அன்று காலை அவருடைய இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டியதும், ஆபத்தில் விமானியை வெளியே வீசும் அந்த இருக்கை தரையில் வெடித்துவிடாமலிருக்கச் செருகிய பாதுகாப்பு ஊசிகளை உருவி ஒவ்வொன்றாக அவர் கண்ணெதிரில் தூக்கிக் காட்டியதும் அப்பாவோடு வேலை செய்த நண்பர். விமானி கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாராம். விமானம் திரும்ப வேண்டிய நேரம் கடந்த பிறகும் அந்த நண்பர் ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நீங்கள் தேடும் உணர்ச்சியெல்லாம் இங்கேயே இருக்கிறது.

71-இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அப்பாவுக்கு அதற்கும் மேல். இன்னும் சில ஆண்டுகள் கழித்து வந்தால் கேட்க ஆளிருக்க மாட்டார்கள். ஆகவே உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பருவத்தில் தரைப் பணியாளர்களுக்கு ஒரு முழுக் கதாபாத்திரமாவது கொடுங்கள், கேலிக்காக இல்லாமல் அவர்கள் செய்த வேலைக்காக. எழுதும் முன் ஓய்வு பெற்ற ஏர்மேன்கள் சிலரையாவது நேரில் பாருங்கள். மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன, அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள். வருபவர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நன்றியுடன்,
ஓர் ஏர்மேனின் மகள்
வேலூர்