சல்லடையில் மணல்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இன்னும் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அதைத்தான் தாங்க முடியவில்லை என்று உன் மகளிடம் சொல்லி எழுத வைத்திருந்தாய். இந்தக் கடிதத்தையும் அவள்தானே உனக்கு வாசிக்கப் போகிறாள், அதனால் எழுத்தை நிறுத்தி நிதானமாக எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகிறது. இனிமேல் படித்துத் தள்ளிவிடலாம் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது நடக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ கொடுத்துவிட்டுப் போன ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை ஒருவழியாகப் படித்து முடித்தேன். ரே பிராட்பரி எழுதி 1953-இல் வந்தது. தீயணைப்பு வீரர்களே புத்தகங்களைத் தேடிப்பிடித்துக் கொளுத்துகிற ஒரு காலத்தைப் பற்றியது என்பது மட்டும் எனக்கு முன்பே தெரியும். கொடுமைக்கார அரசாங்கம், பாவப்பட்ட ஜனங்கள் என்கிற கதையாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் கொளுத்துகிற கூட்டத்தின் தலைவன் பீட்டியே வேறு மாதிரி சொல்கிறான். முதலில் யாரும் தடை போடவில்லையாம். பெரிய புத்தகத்தைப் பதினைந்து நிமிஷ வானொலி நிகழ்ச்சியாகச் சுருக்கினார்கள், அப்புறம் இரண்டு நிமிஷத்தில் படித்து முடிக்கிற பத்தியாக, கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரியாக. ஜனங்கள் தாங்களாகவே படிப்பதை விட்டுவிட்டார்கள். நெருப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு காட்சியை மட்டும் உனக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். கதாநாயகன் மோன்டாக்கும் பீட்டியின் கீழ் புத்தகம் கொளுத்துகிற ஒரு தீயணைப்பு வீரன்தான். அவன் சுரங்க ரயிலில் போகிறான். கையில் பைபிள். இன்னும் சில மணி நேரத்தில் அதை பீட்டியிடம் ஒப்படைத்தாக வேண்டும், அதற்குள் முடிந்தவரை மனப்பாடம் செய்துவிடப் பார்க்கிறான். ஒரு வரியைப் பிடித்தால் அடுத்தது நழுவுகிறது. ரயிலில் ஒரு பற்பசை விளம்பரம் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதில் கடற்கரை மணல்மேட்டில் உட்கார்ந்து சல்லடையை மணலால் நிரப்பப் பார்த்தது அவனுக்கு ஞாபகம் வருகிறது. நிரப்பினால் காசு தருவதாக உறவுக்காரப் பையன் ஒருவன் ஏமாற்றியிருந்தான். எவ்வளவு வேகமாக அள்ளிப் போட்டாலும் அவ்வளவு வேகமாகக் கீழே கொட்டுகிறது. கடைசியில் அவன் ரயிலிலேயே எழுந்து நின்று கத்துகிறான். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் என் கை போனை எடுத்தது. மணி அடிக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. திரும்பப் புத்தகத்துக்கு வந்தபோது எந்த வரியில் விட்டேன் என்று தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி முழுக்க ஒரே மூச்சில் படித்துவிட்டுக் காலையில் ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொண்ட நாம், எப்போது இப்படி ஆனோம்? என் புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லையே.

மோன்டாக்கின் மனைவி மில்ட்ரெட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். வீட்டில் மூன்று சுவர் முழுக்கத் தொலைக்காட்சி, நான்காவதும் வேண்டும் என்கிறாள். ராத்திரி பூராவும் காதில் குட்டி வானொலி. நாம் முதன்முதலில் எங்கே சந்தித்தோம் என்று புருஷன் கேட்கிறான். அவளுக்கு ஞாபகம் இல்லை, அவனுக்கும் இல்லை. நாவலில் எவ்வளவோ புத்தகங்கள் எரிகின்றன, ஒரு கிழவி தன் புத்தகங்களோடு தானும் எரிந்து போகிறாள். இருந்தும் என்னை அதிகம் வதைத்தது இந்த மறதிதான்.

இன்னொன்று சொன்னால் நீ கொதித்துப்போவாய். இந்த நாவலையே 1967-இல் பள்ளி மாணவர்களுக்கென்று போட்ட பதிப்பில் ஏறக்குறைய 75 இடங்களில் மாற்றிவிட்டார்கள். எழுபதுகளில் சில வருஷம் கடைகளில் அந்தப் பதிப்புதான் கிடைத்தது. படித்த மாணவர்கள் கடிதம் எழுதிய பிறகுதான் பிராட்பரிக்கே விஷயம் தெரிந்தது. அப்புறம் மூலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எரித்தால் சாம்பலாவது தெரியும். இப்படி நறுக்கினால் யாருக்குத் தெரியும், சொல்லு.

முடிவில், ஆளுக்கொரு புத்தகத்தை மனசில் சுமந்துகொண்டு காட்டில் திரிகிறவர்கள் வருகிறார்கள். படித்து முடித்ததும் நானும் கண்ணை மூடி, எனக்கு எது முழுசாக ஞாபகம் இருக்கிறது என்று பார்த்தேன். பள்ளியில் படித்த செய்யுள் நாலு, அதிலும் ஒன்று பாதியில் நின்றுவிட்டது. மூன்றாவது அடி வரவே இல்லை. உனக்கு எல்லாம் தெரியும், வாத்தியார் உன்னைத்தானே எழுந்து சொல்லச் சொல்வார்.

சரி, ஒரு யோசனை. உன் கண் தேறும் வரை தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் செய்து இந்த நாவலை உனக்கு வாசிக்கிறேன், பத்துப் பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கலாம். அன்றைக்கு முதலில் அந்த மூன்றாவது அடியை நீ எனக்குச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்